கூச்சிங் விமானமும் செல்லம் சின்னம்மாவின் காப்பும்

செல்லம் சின்னம்மாவுக்கு எதற்கும் ஒரு கோடு வேண்டும். கோடு இருந்தால்தான் நிம்மதி. ஜொகூரில் எங்கள் பெர்மாஸ் ஜெயா காலைச் சந்தையில் மீன் வாங்க நிற்கும்போது யாராவது இடையில் புகுந்தால், வந்தவர் வயதானவரா, பெரிய காரில் வந்தவரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். தோளைத் தட்டிப் பின்னால் அனுப்பிவிடுவார். ஆள் நடமாட்டமே இல்லாத சாலையிலும் பச்சை விளக்கு வரும்வரை நிற்பார். கூடப் போகிற நமக்குத்தான் மானம் போகும்.

அவர் என் அம்மாவின் தங்கை. யோங் பெங்குக்கு வெளியே, இப்போது பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லாரி ஓட்டிய கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, கைக்குழந்தையாக இருந்த லோஷினியை என் அம்மாவிடம் விட்டுவிட்டு சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். விடியும் முன் பஸ் ஏறி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, குடிநுழைவு வரிசையில் நின்று, பகல் முழுக்க நின்றபடியே வேலை பார்த்து, இருட்டிய பின் திரும்புவார். ஆயுளில் பாதி அப்படியே கழிந்தது. அந்த மனுஷிக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

லோஷினி படித்து ஆசிரியையானாள். அரசாங்கம் அவளைத் தூக்கிக் கடலுக்கு அப்பால், மலேசியாவின் மறுபாதியான சரவாக்கில் செரியான் பக்கம் ஒரு பள்ளியில் போட்டது. ஜொகூருக்கு மாற்றல் கேட்டுக் கேட்டு இருவரும் ஓய்ந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் சின்னம்மா மாரியம்மனிடம் போய் நின்றார். மகள் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும், அதற்காகத் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

அந்தக் கோயில், யோங் பெங்கில் அவர் பிறந்த தோட்டத்தின் பழைய கோயில். தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள். கோயில் மட்டும் எப்படியோ தப்பித்து நிற்கிறது. தீமிதிக்குக் கையில் மஞ்சள் கயிறு கட்டிக் காப்புப் பூண்டவர், விழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். தோட்டமே இல்லாமல் போய், சனமெல்லாம் பொந்தியான், பெர்மாஸ் ஜெயா என்று சிதறிய பிறகு அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூட்டம் போட்டுப் பேசினார்கள். எல்லையே வேண்டாம் என்றார்கள் சிலர். ஒரு கோடு இல்லாமல் அது என்ன காப்பு என்று சின்னம்மா எழுந்து கேட்டாராம். கடைசியில் தோட்டத்து எல்லையை நாட்டு எல்லை ஆக்கிவிட்டார்கள். காப்புக் கட்டியவர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குள் கால் வைக்கக் கூடாது. அங்கே வேலை செய்கிறவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டும். சிங்கப்பூர் மேலாளரிடம் இதை விளக்கி விடுப்பு வாங்குவதைவிடத் தீயை மிதிப்பது சுலபம் என்று எங்கள் ஆட்கள் அலுத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் நானும் காப்புக் கட்டினேன். என் மனைவி மலர் அப்போது முழுகாமல் இருந்தாள். ரொம்பக் காலம் காத்திருந்து வந்த கரு. சிங்கப்பூரில் வேலை செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள், அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. காப்பாவது ஒன்றாவது என்று பஸ் ஏறி ஓடினேன். குழந்தை தங்கவில்லை. மனசு ஆறவில்லை எனக்கு. ஆத்தாளை நேரிலேயே கேட்டுவிடலாம் என்று தீமிதியன்று குழிக்கரையில் போய் நின்றேன். அத்தனை பேர் முன்னால் சின்னம்மா குறுக்கே வந்தார்.

"எல்லை தாண்டினவன் எறங்கக் கூடாது வசந்தா. போய் உட்காரு" என்றார்.

குரல்கூட உயரவில்லை. போய் உட்கார்ந்தேன். எல்லை தாண்டியதால்தான் பிள்ளை போனது என்று பிறகு சனம் முணுமுணுத்தது. சின்னம்மா அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்று மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து மலர் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நான் பார்ப்பேன், பேசுவேன். உள்ளே வயிறு எரிந்துகொண்டே இருக்கும். சொந்தம் என்று இருந்தால் நல்லது கெட்டதுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்.

இந்த வருடம் சின்னம்மா தன் வேண்டுதலுக்காகக் காப்புக் கட்டிக்கொண்டார். கட்டிய சில நாளிலேயே லோஷினியோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருத்தி போன் செய்தாள். லோஷினிக்கு டெங்கிக் காய்ச்சல். அந்தப் பைத்தியக்காரப் பெண் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். மயங்கி விழுந்தவளைச் சரவாக்கின் தலைநகர் கூச்சிங்குக்குக் கொண்டுவந்து ஐசியுவில் போட்டிருக்கிறார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது; வீட்டிலிருந்து யாராவது உடனே வந்தால் நல்லது என்று டாக்டர் சொல்கிறார். வீட்டிலிருந்து போகச் சின்னம்மாவை விட்டால் வேறு யார்? என் அம்மாவும் காலமாகிவிட்டார்.

டிக்கெட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார். மலருக்கு அப்படி ஆன பிறகு நான் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுச் செனாய் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவில் சேர்ந்திருந்தேன். கவாய் என்னும் அறுவடைப் பண்டிகைக்குச் சரவாக்காரர்கள் ஊர் திரும்பும் சமயம் அது. கூச்சிங் விமானம் எல்லாம் நிரம்பி வழிந்தது. தெரிந்தவர்களிடம் கெஞ்சி, அன்று நடுப்பகல் விமானத்தில் ஒரே ஓர் இடம் பிடித்தேன். அதை விட்டால் மறுநாள்கூடக் கிடையாது.

நான் பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனபோது சின்னம்மா பையோடு வாசலில் நின்றிருந்தார். கோயில் தலைவர் கமலநாதனிடம் முறையாக அனுமதி கேட்டுவிட்டாராம். சரவாக் நம் நாடுதானே, தாராளமாகப் போய்விட்டுத் தீமிதிக்குள் திரும்பிவிடுங்கள் என்று அவரும் சொல்லிவிட்டாராம். காரில் ஏறி உட்கார்ந்தவர் இடது கையை மடியில் வைத்து, வலது கையால் அந்த மஞ்சள் கயிற்றைப் பொத்திக்கொண்டார்.

நெடுஞ்சாலை ஏறியதும், "அவ மூச்சு இந்தக் கயித்துலதான்டா இருக்கு. அவளுக்காகக் கட்டினது. இதுக்கு ஒரு பழுது வந்தா அவ இல்ல" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. செனாயில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. கூச்சிங் போகிற விமானம் ஜொகூர்க் கரையை விட்டுக் கடலுக்கு மேல் போனதும் இந்தோனேசியாவின் வான்வெளிக்குள் நுழைந்துதான் போகும். உள்நாட்டு விமானம்தான், கடப்பிதழ் தேவையில்லைதான். ஆனால் நம் நாட்டின் இரண்டு பாதிக்கும் நடுவே அவர்களுடைய தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் தீவுகளுக்கு மேலே உள்ள ஆகாயமும் அவர்களுடையது. இரண்டு அரசாங்கங்களும் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு அது. உள்ளே உட்கார்ந்து கச்சான் கடலை கொறிக்கிறவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை? அன்று வரை எனக்கும் இல்லை.

அந்தக் காரில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. பாலம் தாண்டிய நான் பாவி. இவர் மட்டும் இன்னொரு நாட்டு ஆகாயத்தில் பறந்து போய்விட்டு வந்து ஜம்மென்று குழியில் இறங்குவாரா? ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஆள் அப்படியே உடைந்துவிடுவார். நாக்கு நுனி வரை வந்தது. வண்டி ஓட்டும்போது வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் கவாய் கூட்டம். அட்டைப்பெட்டிகளும் பிள்ளைகளுமாக நகர இடமில்லை. பாதுகாப்புச் சோதனைக்குள் நுழைகிற இடத்தில் சின்னம்மாவிடம் பையைக் கொடுக்கும்போது அவர் போன் அடித்தது. ஆஸ்பத்திரி என்று பதறி எடுத்தார். கமலநாதன். இரைச்சலில் காது கேட்காமல் ஒலிபெருக்கியை அழுத்தினார்; எனக்கும் கேட்டது.

கமலநாதன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கடைசியாகப் பேசியவர் எவரோ அவர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிற ஆள். கோயில் வாட்ஸ்அப் குழுவில் எவனோ வேலையற்றவன் விமானப் பாதை வரைபடத்தைப் போட்டிருக்கிறான். அந்த விமானம் இந்தோனேசியா மேலே போகிறதாம், நாட்டு எல்லை தாண்டினால் காப்பு முறிந்ததாகத்தானே அர்த்தம் என்று குழுவே கொந்தளிக்கிறதாம். போவதாக இருந்தால் யோங் பெங்குக்கு வந்து, ஆத்தாள் சன்னிதியில் முறைப்படி காப்பை அவிழ்த்துவிட்டுப் போங்கள் என்றார். கட்டியபடி தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லும்போது அவர் குரலும் நடுங்கத்தான் செய்தது.

சின்னம்மா போனை அணைத்தார். யோங் பெங் போய்த் திரும்பினால் விமானம் போய்விடும். போகாமல் ஏறினால் கயிறு. கயிறு என்றால் லோஷினி. அவர் கண் என் முகத்துக்கும் உள்ளே போகிற வாசலுக்குமாக அலைந்தது. கூச்சிங் பயணிகளுக்குக் கடைசி அழைப்பு என்று மலாயில் அறிவித்தார்கள். அந்த நேரம் பார்த்து மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை ஆசிரியைத் தோழி. ஈறில் இரத்தம் கசிகிறதாம். எப்போது வருவீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டாள். வருகிறேன் என்றும் சொல்லாமல், வரவில்லை என்றும் சொல்லாமல், சின்னம்மா போனைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு என் பக்கம் நேராகத் திரும்பினார்.

"நீ இங்கதானே வேலை செய்யிற. நீயே சொல்லு. இந்தப் பிளேன் வேற நாட்டு மேல போகுமா?"

மூன்று வருடமாக நான் காத்திருந்த கேள்வி என்றே வைத்துக்கொள்ளலாம். குழிக்கரையில் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நடந்து போனது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மலர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. ஆமாம் என்று சொன்னால் அது பொய்கூட இல்லை. உண்மையைத்தான் சொன்னேன் என்று காலம் முழுக்க நிமிர்ந்து நடக்கலாம்.

"இல்ல சின்னம்மா. நம்ம ஆகாயத்துலதான் போகும். நீங்க போங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் வேலைக்கு நின்றவன் ஒரு பெட்டியையும் ஒழுங்காகத் தூக்கவில்லை. விமானம் மேலேறிக் கிழக்கே திரும்புவதைப் பார்த்தேன். கூட வேலை செய்யும் பையன் எவனிடமோ போனை வாங்கி, விமானம் எங்கே போகிறது என்று காட்டும் செயலியைத் திறந்தேன். ஒரு சின்ன மஞ்சள் விமானம் நீலக் கடலில் ஊர்ந்துகொண்டிருந்தது. கோட்டைத் தாண்டியது. எனக்கு இந்தக் காப்பு, தீட்டு எதிலும் பெரிதாக நம்பிக்கை கிடையாது. மலர் விஷயத்துக்குப் பிறகு சுத்தமாகக் கிடையாது. அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டை விமானம் தாண்டியபோது, ஆத்தா என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். லோஷினிக்கு ஏதாவது ஆனால் இந்தப் பொய் யார் தலையில் விடியும்? அவள் என் அம்மா மடியில் என்னோடு வளர்ந்தவள். எனக்குத் தங்கைதான்.

சின்னம்மா கூச்சிங்கில் போய் இறங்கிய அன்று மாலை லோஷினியின் நிலைமை மோசமானது. இரத்தம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு வரி மட்டும் அனுப்பினார். மறுநாள் அதுவும் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த என்னை மலர் என்னவென்று கேட்டாள். அவளிடம் சின்னம்மா பேச்சை எடுப்பதே இல்லை, அன்று எடுத்தேன். கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கோபிக்கவில்லை. "அன்னைக்கு நமக்கும் யாராச்சும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் சின்னம்மாவே கூப்பிட்டார். பிளேட்லெட் ஏறத் தொடங்கிவிட்டது. லோஷினி கண் திறந்து, ஏம்மா வந்தீங்க என்று கேட்டாளாம். "உயிரோட இருக்கிறியான்னு பார்க்க வந்தேன்டி" என்று திட்டினாராம். சொல்லும்போது சின்னம்மா அழுதுவிட்டார். நான் பெட்டி வண்டியின் பின்னால் போய் நின்று அழுதேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு அண்மையில் வந்ததில்லை.

லோஷினி சாதாரண வார்டுக்கு வந்ததும் அவளே அம்மாவை விரட்டினாள், தீமிதிக்குப் போங்கள் என்று. அதற்குள் யோங் பெங்கிலும் காற்று மாறியிருந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள் என்றதும் கமலநாதனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. கோயில் கமிட்டி கூடி, மலேசிய விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தால் மலேசிய மண்ணில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம், ஆகவே காப்பு முறியவில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பதா, நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியவில்லை. மலருக்காக வாயை மூடிக்கொண்டேன். அவள் அந்த வருடம் கோயிலுக்கு வருகிறேன் என்று தானாகச் சொல்லியிருந்தாள்.

தீமிதியன்று சாயங்காலம் குழி கனன்றுகொண்டிருந்தது. இறங்குகிறவர்கள் மஞ்சள் உடையில், வேப்பிலையோடு வரிசையில் நின்றார்கள். உறுமி முழங்கியது. சின்னம்மா வரிசை நடுவில் நின்றார். கூச்சிங்கிலிருந்து வந்த களைப்பில் முகம் சுண்டிப்போயிருந்தது. ஒவ்வொருவராக இறங்கி ஓடினார்கள். அவர் முறை வந்தது. மகளை வீட்டுக்குக் கொண்டுவர அவர் நம்பியிருந்த ஒரே வழி அந்தக் குழிதான். அது அவருக்கு முன்னால் கிடந்தது.

சின்னம்மா வரிசையை விட்டு விலகினார். பூசாரி முன்னால் போய் இடது கையை நீட்டினார்.

"அவிழ்த்து விடுங்க சாமி. நான் எல்லை தாண்டிட்டேன்."

உறுமி தடுமாறி நின்றது. கமலநாதன் ஓடிவந்தார். கமிட்டி முடிவு செய்துவிட்டதே, உங்கள் மேல் குற்றமில்லையே, மகள் மாற்றலாகி வர வேண்டாமா, இறங்குங்கள் அம்மா என்று கெஞ்சினார். கூட்டமே அப்படித்தான் சொன்னது. உள்ளதைச் சொன்னால், எனக்கும் அவர் இறங்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

"நான் போனது மலேசியப் பிளேன்னு சொல்றீங்க. வசந்தன் போனதும் ஜொகூர் பஸ்தானே" என்றார் சின்னம்மா. "அவனுக்கு ஒரு கோடு, எனக்கு ஒரு கோடா?"

பூசாரி கயிற்றை அவிழ்த்தார். அவிழ்ந்ததும் சின்னம்மா மணிக்கட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நானும் மலரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடியும் உறுமி தொடங்கியது.

அவர் காதில் விழும்படி, பொய் சொல்லித்தான் ஏற்றிவிட்டேன் சின்னம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"தெரியும்" என்றார். "வேலை கெடைச்சப்ப லோஷினியச் செரியான்ல கொண்டுபோய் விட்டேன்ல, அப்பவே பைலட்டு சொன்னாரு, கீழ தெரியிறது இந்தோனேசியா தீவுன்னு."

எனக்குப் புரியவில்லை. தெரிந்துகொண்டே என்னிடம் எதற்குக் கேட்டீர்கள் என்றேன்.

சின்னம்மா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு இந்தக் குழிக்கரையில உன்னை நிறுத்தினவ நான். என்னை நிறுத்துற உரிமை உனக்குத்தானே இருந்துச்சு. நீ ஆமான்னு சொல்லியிருந்தா திரும்பியிருப்பேன்."

"அப்ப லோஷினி?"

"அவ உசிரை உன் கையில குடுத்துட்டுத்தான்டா கேட்டேன்" என்றார்.